பொழுதுபோக்காட்டமும் பொருளாட்டமும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம் சங்கத்தார் குடும்பத்துடன் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் சீட்டாட்டம். இச்சொல்லைக் கேட்டவுடனே ஆடவர் சிலர் முகம் மலர்வதையும், தாய்மார் பலர் முகம் வாடுவதையும் காண்கின்றோம். இவ்விரண்டிற்கும் தக்க காரணம் உண்டு.

நம் சங்கக் கட்டடத்தில் மாலை வேளைகளில் சீட்டாடுவதற்கு இடம் விடவேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். சீட்டுக்கட்டே வாயிற்படி ஏறலாகாது என்பர் மற்றொரு சாரார். மூன்றாவதொரு சாரார், பந்தயம் வைத்தே ஆடட்டும், ஆட்டந்தோறும் ஒரு சிறு தொகையைச் சங்கம் பிடித்துக்கொண்டு அதனைப் பிள்ளைகளின் படிப்பு நிதிக்குச் சேர்க்கட்டும் என்கின்றனர். இம்மூன்று கட்சியாரும் நம்மவரே. மூவரும் சங்கத்தின் நன்மையையே நாடுகின்றனர். ஆதலின் யாரையும் இகழாது, விஷயத்தை மாத்திரம் எடுத்து ஆராய்வோம்.

முதற்கண், விளையாட்டு என்பது பாவமன்று. நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடினர். திண்ணையில் தாயம் உருட்டினர். ஆடுபுலி ஆட்டத்தில் சிறுவர் பெரியோரை மடக்கினர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கென்றே பரமபத சோபான படத்தை விரித்து, பாம்பில் இறங்கியும் ஏணியில் ஏறியும் பொழுதைக் கழித்த குடும்பங்கள் எத்தனை! நெல்லறுத்துக் களம் தூற்றி முடிந்தபின், கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியபின், உழைத்த உடம்பு சற்றே ஓய்வை நாடுகின்றது. மனமும் ஒரு மாறுதலை விழைகின்றது. அவ்வேளையில் நால்வர் கூடி ஒரு சீட்டுக்கட்டைப் பிரிப்பதில் தீங்கு யாது? போன சீட்டு எது, கையில் நிற்பது எது, எதிரி எதனை ஒளிக்கின்றான் என்று எண்ணிப் பார்ப்பது ஞாபகத்திற்கும் நிதானத்திற்கும் நல்ல பயிற்சி. வயல் வேலை விட்ட முதியோர் பேரப்பிள்ளைகளுடன் சரிசமமாய் உட்கார்ந்து பேசச் சீட்டைப் போன்ற சாதனம் வேறு அதிகமில்லை. ஆகவே சீட்டுக்கட்டை வாயிலிலேயே தடுக்க வேண்டும் என்னும் கட்சியாருடன் யாம் உடன்படுவதற்கில்லை.

நிற்க. சீட்டு என்னும் சொல் நம் ஊர்களில் இரண்டு பொருளில் வழங்குவதைக் கவனியுங்கள். மாதந்தோறும் சீட்டுக் கட்டுவதும் சீட்டு. இரவில் சீட்டாடுவதும் சீட்டு. முதற்சீட்டில் இருபது குடும்பங்கள் பணம் போடுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் ஒரு முறை எடுக்கின்றது. பெண்ணின் கல்யாணத்திற்கோ, ஆழ்துளைக் கிணற்றிற்கோ அது உதவுகின்றது. இரண்டாம் சீட்டிலோ ஒருவன் எடுப்பது முழுவதும் மற்றையோர் இழந்ததேயாகும். வியாபாரத்திலும் இந்நிலை இல்லை. நெல் விற்றவன் பணம் பெற்றான். வாங்கியவன் அரிசி பெற்றான். இருவரும் ஒன்றைப் பெற்றே பிரிகின்றனர். சீட்டு மேசையில் புதிதாய் ஒரு மணி நெல்லும் விளைவதில்லை. ஆகையால் இதனை ஆதாயத்திற்கான தொழிலாகக் கொள்வோன், எதிரே இருப்பவனின் நஷ்டத்தையே தன் விளைச்சலாகக் கொள்கின்றான். ஊர் பெரிதாயின் எதிரே இருப்பவன் அந்நியனாய் இருக்கலாம். நம் ஊர்களில் அவன் மாமனாகவோ, மைத்துனனாகவோ, பங்காளியாகவோதான் இருப்பான்.

பழைய கதைகள் இவ்வேற்றுமையை நன்கு விளக்குகின்றன. தருமபுத்திரர் சூதாடி நாடிழந்தார் என்பது நம் தெருக்கூத்தைக் கண்ட குழந்தையும் அறியும். ஆனால் அவர் ஏன் ஆடினார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. வனம் புகுந்தபின் வீமன் சினந்து கேட்டபோது, துரியோதனனுடைய இராச்சியத்தைக் கவரும் எண்ணத்துடனேயே காய்களைக் கையில் எடுத்தேன் என்று தருமரே ஒப்புக்கொண்டதாக வியாச பாரதத்து வனபருவம் கூறுகின்றது. பொழுதுபோக்கிற்காக அன்று, பொருளுக்காகவே அவரும் அமர்ந்தார். அவருக்கு ஆட்டத்தில் ஆசை இருந்தது, திறமை இல்லை. சகுனிக்குத் திறமையும் வஞ்சனையும் இருந்தன. அதே தருமர் பின்னர் விராடன் அவையில் கங்கர் என்னும் பெயருடன் அரசனுக்குக் காயுருட்டிப் பொழுதுபோக்கும் துணைவராய் ஓராண்டு மானத்துடன் வாழ்ந்தார். காய் ஒன்றே, கை ஒன்றே. நோக்கம் மாறியது, பயனும் மாறியது. ஆயினும் ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே பேச்சு முற்றி, விராடன் காயை வீசியெறிய, கங்கர் முகத்தில் குருதி கசிந்தது என்பதையும் மறவற்க. பொழுதுபோக்காட்டத்திற்கும் நாவடக்கமும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அஃது எச்சரிக்கை.

நளன் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றிலேயே நளன் சனியின் பிடி நீங்கப் பெற்றான் என்பது தலபுராணம். நள தீர்த்தத்தில் நீராடாத குடும்பம் நம்மில் அரிது. தன் தம்பி புட்கரனிடம் சூதாடித் தோற்ற நளன், பின்னர் இருதுபன்னன் என்னும் அயோத்தி வேந்தனுக்குத் தேரோட்டுகையில், குதிரைகளின் உள்ளமறியும் வித்தையைக் கொடுத்து, அதற்கு ஈடாகக் காய்களின் கணக்கறியும் வித்தையைப் பெற்றான். வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னான் அவ்வேந்தன். ஆட்டத்திலே திறமை என்பது கணக்கறிவே என்பதை நம் முன்னோர் அன்றே கண்டிருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவ்வறிவு பெற்று மீண்டும் ஆடி நாட்டை வென்ற நளன், தம்பியைத் தெருவில் விட்டானல்லன்; அவனுக்குரிய பங்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். வென்றும் கொள்ளை கொள்ளாத அவ்வுள்ளமே நாம் கற்கத்தக்கது.

திருவள்ளுவர் சூது என்பதற்கு ஓரதிகாரமே வகுத்தார். அது 94ஆம் அதிகாரம். அதனை அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்திற்கு முன்னும் வைத்த முறை நோக்கற்பாலது. மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் பாஞ்சாலி சபதத்தை இயற்றி, அதன் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டார். அப்பாகம் சூதாட்டச் சருக்கத்தோடு முடிகின்றது. நம் மண்ணில் பிறந்த அக்காவியம் நாட்டின் அடிமைத்தனத்தைக் குறித்தெழுந்ததாயினும், அடிமைத்தனம் எதில் தொடங்கிற்று என்பதையும் அது மறைக்கவில்லை.

இனி இக்காலத்து ஆட்டங்களுக்கு வருவோம். மங்காத்தா என்பது உள்ளே வெளியே என்று சீட்டை மாற்றி மாற்றிப் போடுவது. அதில் அறிவுக்கு வேலையே இல்லை. மூன்று சீட்டு ஆட்டத்தில் மூன்றும் ஒரே இனமாய் வருவது 425 கைக்கு ஒரு முறையே. ரம்மியில் பதின்மூன்று சீட்டை ஒழுங்குபடுத்த அறிவு வேண்டும். மேல்நாட்டார் போற்றும் போக்கர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இக்காலத்தில் மிகப் பரவிய வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாய்க் கொடுக்கப்படும். ஐந்து சீட்டு நடுவில் யாவருக்கும் பொதுவாய்த் திறக்கப்படும். 52 சீட்டில் ஐந்து சேரும் வகை 25,98,960 ஆகும். முதலிரு சீட்டும் ஆஸாக வருவது 221 கைக்கு ஒரு முறை. இக்கணக்கை அறிந்தவன் எப்போது நிற்பது, எப்போது விலகுவது என்று அறிவான். சூதாட்டக் கணக்கிலிருந்தே ஒரு சாத்திரமும் பிறந்தது. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் வினாவைக் குறித்து 1654இல் பாஸ்கல், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடிதம் எழுதிக்கொண்டனர். இன்றைய நிகழ்தகவுக் கணிதத்திற்கு அதுவே தோற்றுவாய். ஆட்டத்தை அறிவுக்காக நோக்கினோர் உலகுக்கு ஒரு கலையை அளித்தனர்.

திறமை இருக்குமாயின் அதனால் சம்பாதிப்பதில் குற்றம் என்ன என்று நம் இளைஞர் வினவுகின்றனர். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் போக்கருக்கு உலகப் போட்டி நடந்து வருகின்றது. 2003இல் கணக்கெழுதும் தொழில் செய்த ஒருவர் சிறு தொகை கட்டி இணையவழித் தகுதிப் போட்டியில் நுழைந்து, இறுதியில் 25 லட்சம் டாலர் வென்றார் என்று எடுத்துக்காட்டுவர். மெய்யே. ஆனால் அப்பரிசு எங்கிருந்து வந்தது? தோற்றவர்கள் கட்டிய பணமே அது. வென்ற ஒருவர் பெயரை உலகம் பாடிற்று. தோற்ற நூற்றுக்கணக்கானோர் பெயரை யார் அறிவார்? மேலும், திறமை ஓரிரவில் வெளிப்படுவதன்று. ஆயிரக்கணக்கான கைகள் ஆடினாலன்றித் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிய இயலாது. அதனை அறியுமுன்பே சாமானியன் நகையை அடகு வைத்துவிடுகின்றான். இதனைத் தொழிலாகக் கொண்டவன் நிலை யாது? நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வரவுசெலவு எழுதி, தன்னினும் தாழ்ந்த ஆட்டக்காரனைத் தேடித் திரிதல் வேண்டும். சமமானவனோடு ஆடுவதே விளையாட்டின் இன்பம். பலவீனனைத் தேடுவதே ஆதாயத்தின் இலக்கணம். இவ்விரண்டும் ஒரே மேசையில் நெடுநாள் வாழா.

அடுத்து, மேசை வைப்பவன் கணக்கைப் பார்ப்போம். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் ஒரு திண்ணையில் அமர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது யார் வென்றாலும் தோற்றாலும் அவ்வறுவரிடையே 6,000 ரூபாயும் இருக்கும். அதே அறுவர் ஒரு கிளப்பில் அமர்கின்றனர். நடுவில் சேரும் பந்தயத்தில் நூற்றுக்கு ஐந்து கிளப்பாருக்கு. ஒரு கைக்குச் சேருவது 300 ரூபாய் எனின், கிளப்பாருக்கு 15 ரூபாய். மணிக்கு இருபது கை. ஆகவே மணிக்கு 300 ரூபாய். பத்து மணி நேரத்தில் 3,000 ரூபாய் மேசையை விட்டே போய்விட்டது! அறுவரும் சமத்திறமையினர் என்றால் ஆளுக்கு 500 ரூபாய் நஷ்டம், ஒருவரும் வெல்லவில்லை. இன்னும் பத்து மணி நேரம் ஆடினால் யாவர் கையும் காலி. சீட்டைத் தொடாதவன் ஒருவன் மாத்திரம் ஒவ்வொரு கையிலும் வென்றான். கைப்பேசியில் நடந்த பணரம்மியின் கணக்கும் இதுவே. ஆங்கே எதிரி முகமும் தெரியாது, விடிந்ததும் தெரியாது.

சட்டம் இவ்விஷயத்தில் நடந்துவந்த வழியையும் நம்மவர் அறிதல் நலம். 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம், திறமை மாத்திரமே உடைய ஆட்டத்திற்கு விலக்களித்தது. சிக்கந்தராபாத்துக் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது, மூன்று சீட்டைப் போன்றதன்று எனத் தீர்ப்பளித்தது. ரம்மிப் பிரியர் இத்தீர்ப்பை அடிக்கடி எடுத்தோதுவர். ஆனால் அதன் மறுபாதியை ஓதுவாரில்லை: சீட்டு, விளக்கு முதலிய வசதிகளுக்குக் கிளப்பார் சிறு கட்டணம் பெறலாம், பந்தயம் வைத்தாடும் ஆட்டத்திலிருந்தே இடத்துக்காரர் ஆதாயம் ஈட்டின் அது குற்றமாகலாம் என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும். பின்னர்க் கைப்பேசி ஆட்டம் பெருகிக் குடும்பங்கள் கெட்டபோது தமிழ்நாடு அரசு 2021இல் ஒரு திருத்தச் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. மீண்டும் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் இசைவு பெற்றது. ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று 2023 நவம்பரில் அந்நீதிமன்றம் அவற்றை மாத்திரம் தடையினின்று விலக்கியது. முடிவில், 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் இசைவு பெற்ற மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்னும் வழக்கையே ஒதுக்கிவிட்டு, இணையவழியில் பணம் கட்டி ஆடப்படும் ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதித்தது. பணமின்றிப் பொழுதுபோக்காய் ஆடுவதற்கு அது தடை சொல்லவில்லை, ஆடியவரைத் தண்டிக்கவுமில்லை. நூறாண்டுக்கு மேல் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்த்த சட்டம், இறுதியில் நம் தாய்மார் என்றும் கேட்கும் கேள்விக்கே வந்து சேர்ந்தது: பணம் வைத்து ஆடினாயா, இல்லையா?

இனி, படிப்பு நிதிக் கட்சியாருக்கு எம் விடை. நோக்கம் நல்லதாயின் வழியும் நல்லதாகிவிடாது. 1968இல் தமிழ்நாட்டில் அரசே பொதுநலத்திற்கென்று பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. கூலிக்காரன் அன்றாடக் காசைச் சீட்டில் தொலைத்த கொடுமை பெருகி, 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை அங்கே தடைசெய்யப்பட்டது. அரசால் ஆகாதது நம் சிறு சங்கத்தால் ஆகுமோ? சங்கம் ஆட்டந்தோறும் பிடிக்கும் தொகை யார் வீட்டுப் பணம்? தோற்றவன் வீட்டுப் பணம். அவன் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை ஒரு கையால் வாங்கி, உபகாரச் சம்பளம் என்னும் பெயரால் வேறொரு பிள்ளைக்கு மறு கையால் கொடுப்போமாயின், அதற்குத் தருமம் என்று பெயரிடலாமோ? மேலும், நிதி வளர வேண்டுமானால் ஆட்டம் வளர வேண்டும். ஆட்டம் நிற்க வேண்டிய நேரத்தில் நிறுத்தச் சொல்லும் துணிவு பின்னர் நம் நிர்வாகிகளுக்கு எவ்வாறு உண்டாகும்?

பந்தயமில்லாவிடில் ஆட்டத்தில் சுவையில்லை என்பாரும் உளர். சதுரங்கத்திலும் கேரத்திலும் பந்தயமின்றியே சுவை இருப்பதைக் காண்கின்றோம். போக்கரில் மாத்திரம் பந்தயமே ஆட்டத்தின் மொழி என்பது உண்மை. பந்தயம் கட்டும் முறையாலேயே ஒருவன் மற்றவனை ஏய்க்கின்றான். அதற்கும் வழி உண்டு. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை எண்ணிக் கொடுங்கள். யாரிடம் இறுதியில் அதிகம் நிற்கின்றதோ அவரே வென்றவர். அவ்வாறு ஆடியும் ஒருவனுக்குச் சுவை பிறக்கவில்லையெனின், அவன் விரும்பியது ஆட்டத்தையன்று, பணத்தையே என்பது தெளிவாகும்.

விளையாட்டு எப்போது வியாதியாகின்றது என்பதைக் குடும்பத்தார் அறிந்துகொள்ளச் சில அடையாளங்கள் கூறுவோம். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழ மாட்டாமை. தோற்ற தொகையை மனைவியிடம் மறைத்தல். கடன் வாங்கி ஆடுதல். இழந்ததை மீட்கவே மறுபடியும் அமர்தல். பணமில்லா ஆட்டத்திற்கு அழைத்தால் எரிச்சல் கொள்ளுதல். இவற்றுள் இரண்டு தோன்றினாலும் விழித்துக்கொள்ளல் வேண்டும். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட நூலில், சூதாட்ட நோயைக் குடி முதலிய அடிமைப் பழக்கங்களோடு ஒருங்கே வைத்தது. நம் வள்ளுவர் கள்ளுக்கு அடுத்துச் சூதை வைத்ததும் அம்முறையே. உருசிய நாட்டு நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1866இல் கடன்காரர் நெருக்கடியில் சூதாடி என்னும் நாவலை இருபத்தாறே நாளில் எழுதி முடித்தார். சூதின் தீமையை அத்துணை நுட்பமாய் எழுதிய பின்னரும் சில ஆண்டுகள் அவர் சூதாட்ட விடுதிகளை நாடியே திரிந்தார். அறிவிருந்தும் விட முடியாமைதான் நோய். நோயாளியைச் சபையில் வைத்து ஏசுவதால் பயனில்லை. அவன் கடனை ஒளிவின்றிக் கணக்கிட்டு, வட்டிக்காரனுடன் பெரியோர் இருந்து பேசி முடித்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே உறவினர் கடமை.

ஆகவே இச்சபை முன் எம் யோசனைகளை வைக்கின்றோம். சங்கக் கட்டடத்தில் சீட்டு, சதுரங்கம், கேரம், தாயம் யாவும் ஆடலாம். மேசையில் காசு வரலாகாது. ஆட்டத்திலிருந்து சங்கம் ஒரு காசும் பெறலாகாது. சீட்டுக்கட்டின் விலையைச் சந்தாவிலிருந்தே கொடுக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். பெண்டிரும் பிள்ளைகளும் ஆடுவதற்கு வாரத்தில் தனி நாள் வேண்டும். அவர் முன்னிலையில் ஆடத்தக்க ஆட்டமே நல்லாட்டம். பொங்கலையொட்டி நுழைவுக் கட்டணமில்லாத போட்டி ஒன்று நடத்தி, வென்றவருக்கு அன்பர் ஒருவர் உபயமாகப் பித்தளைக் குடம் ஒன்று அளிக்கலாம். படிப்பு நிதிக்கோ, வேறு வழி உண்டு: அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீடும் தன்னால் இயன்ற மரக்கால் நெல்லோ அதன் விலையோ கொடுப்பதாக இன்றே கையொப்பமிடுவோம். அப்பணம் யார் கண்ணீரிலும் நனையாதது.

இவ்வாறு அமைப்பின், மாலையில் சங்கத்திற்குச் சென்ற கணவன் எங்கே சென்றான் என்று எந்த மனைவியும் கவலைப்பட வேண்டியதில்லை. அவளும் உடன் வந்து ஒரு கை ஆடலாம். யோசனைகளை ஏற்பதும் திருத்துவதும் சபையார் பொறுப்பு.